ரெண்டு பக்கமும் ஒரே கதவு

நியூ மெக்ஸிகோ எல்லைக்கு இந்தப் பக்கம், ஒடெஸ்ஸாவில் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போகிற எவனைப் பிடித்துக் கேட்டாலும் அந்தப் பாட்டைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பான். அதைக் கேட்டுத்தான் பெண்டாட்டியிடம் திரும்பிப் போனேன் என்பான் ஒருத்தன். அதைக் கேட்டுத்தான் துணிந்து விட்டுவிட்டு வந்தேன் என்பான் இன்னொருத்தன். பீர் உள்ளே போனபின் பேசுகிற பேச்சு, பாதியைத் தள்ளிவிடலாம். ஆனால் ஹைவே ஓரத்து டான்ஸ் ஹால்களில் காசு போட்டால் பாடுகிற ஜூக்பாக்ஸ் பெட்டியைப் பழுது பார்க்க வருகிற ஆள், எல்லா ரிக்கார்டுகளிலும் அந்த ஒன்றைத்தான் தேய்ந்து வெளுத்துப்போனது என்று அடிக்கடி மாற்றினான் என்பது சத்தியமான உண்மை.

பாட்டின் பெயர் 'ரெண்டு பக்கமும் ஒரே கதவு'. பாடியவர்கள் ஹோலிஸ் பிளெட்சோவும் அவன் மனைவி ஆர்ஃபாவும். முதல் அடி அவனுடையது. வெளியே நின்று கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுவான். இரண்டாவது அடி அவளுடையது. உள்ளே நின்றுகொண்டு மாட்டேன் என்பாள். 'தட்டு, தட்டிக்கிட்டே இரு, கை வலிக்கட்டும். எனக்கு வராத தூக்கம் உனக்கும் வர வேண்டாம்' என்று அவள் இழுக்கும்போது, பின்னால் உட்கார்ந்து ஸ்டீல் கிடார் வாசிக்கிற பர்ல் டாக்கெட் கம்பியின் மேல் இரும்பை வழுக்கவிட்டு அதை அழ வைப்பான். ஆடிக்கொண்டிருந்த ஜோடிகள் அந்த இடம் வந்ததும் காலை மெதுவாக்கும். மூன்றாவது அடியைப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து பாடுவார்கள். கதவு திறந்ததா இல்லையா என்று மட்டும் பாட்டில் கடைசிவரை சொல்ல மாட்டார்கள்.

அது இட்டுக்கட்டின பாட்டும் இல்லை. கல்யாணமான இரண்டாம் வருஷம், போன இடத்தில் மூன்று நாள் தங்கிவிட்டு ஹோலிஸ் வீட்டுக்கு வந்தபோது ஆர்ஃபா உண்மையாகவே உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவன் வாசல்படியில் உட்கார்ந்து கிடாரைத் தடவிக்கொண்டே கெஞ்ச, அவள் உள்ளேயிருந்து கத்த, அவள் கத்தினது அவன் மெட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஏ, அதையே இன்னொரு தடவ சொல்லு" என்றான் வெளியிலிருந்து.

"எதைடா?"

"கை வலிக்கட்டும்னியே, அத."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பாட்டு முடிந்தது. இப்படிப்பட்ட ஆளை எவ்வளவு நேரந்தான் வெளியே நிறுத்திவைப்பது?

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஆர்ஃபாவின் கழுத்தில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போயிற்று. பேச முடிந்தது, ஆனால் சருகை மிதித்த மாதிரி கரகரவென்று வந்தது. பாட்டு என்று வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தேன் குடித்துப் பார்த்தாள். இரண்டு மாதம் வாய் பேசாமல் சிலேட்டில் எழுதிக் காட்டியே குடும்பம் நடத்தினாள். சர்ச்சில் மொத்தக் கூட்டமும் அவளுக்காக முழங்காலில் நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் டாக்டர், "இனிமே வராதும்மா, இருக்கிறத வெச்சுப் பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

டான்ஸ் ஹால்காரன் காத்திருப்பானா? "அந்தப் பாட்டு இல்லாம நீ மட்டும் எதுக்குய்யா வர்ற?" என்று ஹோலிஸின் முகத்துக்கு நேராகவே கேட்டான். அதனால் மோனஹான்ஸ் ஊர் சாப்பாட்டுக் கடையில் பரிமாறிக்கொண்டிருந்த நெல்டா க்ரூம் என்கிற பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். இருபத்திரண்டு வயது. எங்கே மூச்சு வாங்க வேண்டும், 'வலிக்கட்டும்' என்பதை எங்கே உடைக்க வேண்டும் என்று ஆர்ஃபாதான் அவளுக்குக் காட்டினாள். பாடிக் காட்ட முடியாது, மேஜையில் விரலால் தட்டிக் காட்டினாள். நெல்டா நல்ல பெண். "அக்கா, அக்கா" என்று சுற்றிச் சுற்றி வந்தாள், வரும்போதெல்லாம் பீச் பழப் பணியாரம் செய்து எடுத்து வந்தாள். கெட்ட பெண்ணாக இருந்திருந்தால் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

ஊர் சும்மா இருக்குமா? ஹோலிஸையும் நெல்டாவையும் முடிச்சுப் போட்டுப் பேசியது. ஆர்ஃபா அதை நம்பவில்லை. நம்பியிருந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பாள் என்றுதான் சொல்ல வேண்டும், அவள் அழுத்தக்காரி. அவளால் தாங்க முடியாமல் போனது வேறு. நெல்டா வந்த முதல் சனிக்கிழமை அவளும் ஹாலுக்குப் போய்ப் பின்னால் நின்று பார்த்தாள். இரண்டாவது அடி வந்தது. சனங்கள் அதே இடத்தில் காலை மெதுவாக்கினார்கள். அதே இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குரல் மாறியிருக்கிறதே என்று ஒரு ஆள்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவள் ஹால் பக்கமே போகவில்லை.

ஹால் போக, தினம் பகல் பன்னிரண்டேகாலுக்கு உள்ளூர் ரேடியோவில் ஹோலிஸ் கூட்டத்துக்குப் பதினைந்து நிமிஷம் உண்டு. ஒரு மாவுக் கம்பெனியின் செலவு. வெளியூர்க் கச்சேரி இருக்கிற நாட்களுக்காக முன்கூட்டியே ஏழெட்டு நிகழ்ச்சிகளைப் பாடி ரிக்கார்டு போட்டு வைத்திருப்பார்கள். அறிவிப்பாளன் மெரில் ஸ்டோக்ஸ் இருக்கிறானே, அவன் எமகாதகன். "என்ன ஹோலிஸ், இன்னிக்கு கண்ணெல்லாம் செவந்து கெடக்கு?" என்று மைக்கில் கேட்பான். "உன் மூஞ்சில முழிச்சா வேற எப்படிய்யா இருக்கும்?" என்று ரிக்கார்டிலிருந்து ஹோலிஸ் பதில் சொல்லிச் சிரிப்பான். மெரில் கேட்பதற்கு என்றே ரிக்கார்டில் இடம் விட்டுப் பேசி வைத்திருப்பார்கள். ஹோலிஸ் இருநூறு மைல் தள்ளி ஏதோ ஊரில் தூங்கிக்கொண்டிருப்பான். கேட்கிறவனோ ஹோலிஸ் ஸ்டுடியோவில் நேரே நிற்கிறான் என்றுதான் நினைப்பான்.

ஆனால் சர்க்கார் சட்டம் ஒன்று இருந்தது. ரிக்கார்டு போட்டால் ரிக்கார்டு என்று சொல்லியாக வேண்டும். மெரில் அதைக் கடைசியில், பாட்டும் முடிந்து மாவு விளம்பரமும் முடிந்த பிறகு, ஒரே மூச்சில் கடகடவென்று சொல்லித் தள்ளிவிடுவான்: "நீங்கள் கேட்டது ரிக்கார்டு செய்யப்பட்ட நிகழ்ச்சி." மற்றவர்கள் அதற்குள் ரேடியோவை விட்டு எழுந்திருப்பார்கள். பாட்டுக்காரர் வீட்டுப் பெண்களுக்கோ அந்த வாக்கியம்தான் நிகழ்ச்சியே. அது வந்தால் ஆள் இன்னும் ரோட்டில் இருக்கிறான், அடுப்பை அணைத்துவிடலாம். வராவிட்டால் ஆள் ஊருக்கு வந்துவிட்டான், ஒரு மணிக்குள் சாப்பிட வருவான், பீன்ஸைச் சூடாக்க வேண்டும். நேரில் பாட வேண்டிய நாளில் அந்த வாக்கியம் வந்துவிட்டதோ, அடுத்த நிமிஷம் ஸ்டேஷனுக்குப் போன் போகும்: "எங்கய்யா எங்க வீட்டு ஆளு?" இப்படிப் போன் பண்ணித்தான் ஒரு பிடில்காரரை, அவர் குடித்துவிட்டு விழுந்துகிடந்த கொட்டகையிலிருந்து அவர் சம்சாரம் தூக்கிக்கொண்டு வந்தாள். இப்படிப் போன் பண்ணுவது யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் ஒரு வீட்டிலும் தப்பியதில்லை.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஹோலிஸ் நியூ மெக்ஸிகோ எல்லைக்கு அப்பால் ஹாப்ஸ் ஊருக்குக் கச்சேரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் மதியம் ரேடியோவுக்கு நேரில் திரும்பி வந்துவிடுவதாக ஏற்பாடு. முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு ஆர்ஃபா எதிரே உட்கார்ந்தாள்.

"ஹோலிஸ், அந்தப் பாட்ட விட்டுரேன்."

"எந்தப் பாட்ட?"

"தெரியாத மாதிரி கேக்காத."

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "அத விட்டா என்னத்தப் பாடச் சொல்ற? அந்த ஒண்ணுக்குத்தான் கூப்பிடுறான்."

"பாட்டையா கொளுத்தச் சொன்னேன்? உன் அடிய நீ பாடு. என் அடி வர்றப்ப பர்ல் ஸ்டீல்ல வாசிக்கட்டும். வார்த்த வேண்டாம். என் வார்த்தய இன்னொருத்தி வாயில என்னால கேக்க முடியல, அவ்வளவுதான்."

"சனம் பாட்டிலத் தூக்கி எறியும்டி."

"எறியட்டும். நீ என்ன, அடிபடாதவனா?"

ஹோலிஸ் சிரிக்கவில்லை. தட்டை ஒதுக்கிவிட்டு அவளைப் பார்த்தான். ஆர்ஃபா தனக்காக ஒன்றும் கேட்டுப் பழகாதவள். அறுவை முடிந்து வந்தபோதுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இப்போது மேஜைத் துணியின் ஓரத்தை விரலால் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றான். "இன்னிக்கு ஹாப்ஸ்ல வாக்குக் குடுத்தாச்சு, அங்க ஒண்ணும் பண்ண முடியாது. நாளைக்கு ரேடியோவுல நெல்டா அந்த அடியப் பாட மாட்டா. பர்ல்தான் வாசிப்பான். போதுமா?"

"நெசமாவா?"

"நீயே கேட்டுப் பாரு."

வீட்டுக்கு எப்போது வருவேன் என்று அவன் சொல்கிற வார்த்தைக்கு மதிப்பே கிடையாது, அது ஊருக்கே தெரியும். பாட்டு விஷயத்தில் மட்டும் சொன்ன சொல்லை அவன் ஒருநாளும் மீறியதில்லை. அதுவும் அவளுக்குத் தெரியும். அவன் போன பிறகு அன்று முழுக்க அவள் வேலை செய்துகொண்டே இருந்தாள். ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைத்தாள். ஒரு வருஷமாக அவளிடம் இல்லாத ஏதோ ஒன்று திரும்பி வருகிற மாதிரி இருந்தது.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கே ரேடியோவைப் போட்டுச் சூடேற்றி வைத்தாள். அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது, சோளரொட்டி தயாராக இருந்தது. அவன் வருகிற வழியை மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தாள். ஆண்ட்ரூஸ் ஊரைத் தாண்டினதும் ஹைவேயை விட்டு இடது பக்கம் பண்ணைக்காரர்களின் வெள்ளைச் சுண்ணாம்பு ரோட்டில் இறங்குவான். அதில் வந்தால் இருபது நிமிஷம் மிச்சம். வழியில் மூன்று வேலிக் கதவு, ஒரு வறண்ட ஓடை. "அந்த ரோட்டுல வராதடா" என்று நூறு தடவை சொல்லியிருப்பாள். அவன் அதில்தான் வருவான் என்று, கூட வருகிறவர்கள் போக, அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

பன்னிரண்டேகாலுக்குப் பிடில் சத்தம் வந்தது. மெரில், "வெளியில என்னா வெயிலு ஹோலிஸ்!" என்றான். "உள்ள மட்டும் ஐஸ் மழையா பெய்யுது?" என்றான் ஹோலிஸ். சிரிப்பு. இரண்டு பாட்டு போயிற்று. பிறகு ஹோலிஸ், "இப்ப நீங்க எல்லாரும் கேட்டுக் கேட்டு எங்க உயிர வாங்குற பாட்டு" என்று சொன்னதும் ஆர்ஃபா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ரேடியோவின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் அடியை அவன் நன்றாகப் பாடினான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டீல் கிடார் வழுக்கி ஏறியது. இதோ வாசிக்கப் போகிறான், பர்ல், வாசிடா கண்ணு.

'தட்டு, தட்டிக்கிட்டே இரு' என்று நெல்டா பாடினாள்.

சொன்னானே, மேஜையில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னானே! 'வலிக்கட்டும்' என்பதை, அவள் விரலால் தட்டிக் காட்டின அதே இடத்தில், அந்தப் பெண் சுத்தமாக உடைத்தாள். ஆர்ஃபா எழுந்து ரேடியோவின் குமிழைத் திருகி அணைத்தாள். திருகின வேகத்தில் குமிழ் கையோடு வந்துவிட்டது. அதைச் சுவர்மேல் எறிந்தாள்.

"துரோகி" என்றாள். அந்தக் கரகரத்த குரலில் அதுகூடச் சரியாக விழவில்லை.

கொஞ்சம் நிதானித்திருந்தால் தோன்றியிருக்கும். பாட்டு விஷயத்தில் சொல் தவறாதவன் எப்படித் தவறினான், ஒருவேளை இது ரிக்கார்டோ என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவே வேண்டாம், ஆறு நிமிஷம் ரேடியோவை விட்டிருந்தால் மெரிலே சொல்லியிருப்பான். வயிறு எரிகிறவளுக்கு நிதானம் எங்கிருந்து வரும்? அவள் மனசில் ஹோலிஸ் ஸ்டுடியோவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான், பக்கத்தில் நெல்டா நின்றாள், அது கல்லில் வெட்டினாற்போல் நின்றுவிட்டது.

ஒரு மணி ஆயிற்று. அவன் வரவில்லை. வர வெட்கமாக இருக்கும், கடைத்தெருவில் கூட்டத்தோடு உட்கார்ந்து தின்றுகொண்டிருப்பான் என்று நினைத்தாள். பீன்ஸை நாய்க்குக் கொட்டினாள். வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டு வேடா ஏகின்ஸ் பின்வாசல் வழியாக வந்தாள். அந்தத் தெருவில் போன் இருந்தது அவள் வீட்டில் மட்டும்தான். மூக்கு நீளம், ஆனால் மனசு கெட்டதில்லை.

"வண்டியக் காணமே, இன்னும் வரலியா உன் ராசா?"

"ஊருக்குள்ளதான் இருக்கான். பாடினது கேட்டுச்சே."

"அப்ப ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டுப் பாக்கட்டுமா? என்ன ஏதுன்னு கேட்டுட்டு வர்றேனே, ரெண்டு நிமிஷம்."

"வேண்டாம்" என்றாள் ஆர்ஃபா. "நான் தேடுறேன்னு அவன் நெனைக்கக் கூடாது."

"என்னடி சண்ட?"

"ஒண்ணுமில்ல வேடா. நீ போ."

வேடா தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். ஆர்ஃபா துவைத்த திரைகளை எடுத்து வந்து திரும்ப மாட்டினாள். ஒவ்வொரு கொக்கியாக, அவசரமில்லாமல் மாட்டினாள். அவன் வந்து நிற்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று சொற்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"தட்டு! நல்லா தட்டு! கை வலிக்கட்டும்!" என்று சமையலறையிலிருந்தே கத்தினாள்.

தட்டுவது நின்றது. பிறகு பழக்கமில்லாத ஆண்குரல், "மிஸஸ் பிளெட்சோ? ஷெரீஃப் ஆபீஸ்லேர்ந்து வர்றேம்மா" என்றது.

தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவன் சின்ன வயசு போலீஸ் டெப்யூட்டி. அவன் சொன்னதில் பாதிதான் அவளுக்குப் புரிந்தது. சுண்ணாம்பு ரோடு. வறண்ட ஓடை. பம்ப் பார்க்கப் போன எண்ணெய்க் கம்பெனி ஆள் ஐந்து மணிக்கு வண்டியைப் பார்த்திருக்கிறான். நெல்டா இல்லை. ஹோலிஸ் இல்லை. பர்லுக்கு மட்டும் உயிர் இருக்கிறது, நினைவு இல்லை.

"எப்போ?" என்றாள்.

"காலையிலம்மா, பதினொண்ணு பதினொண்ணரை இருக்கும்."

"இல்லயே. பன்னெண்டேகாலுக்குப் பாடினானே. நான் கேட்டேனே தம்பி."

டெப்யூட்டி தொப்பியைச் சுற்றிக்கொண்டே நின்றான். "ஒடனே போயிருக்கும்மா, வலியே தெரிஞ்சிருக்காது" என்றான். அப்படிச் சொல்லச் சொல்லித்தான் அவனை அனுப்பியிருப்பார்கள்.

சவ அடக்கத்தன்று மெரில் வந்தான். அந்த வாயாடி அன்று பேசத் தெரியாதவன் மாதிரி சர்ச் வாசலில் நின்றான். "ஆள் வரலன்னதும் ரிக்கார்டு போட்டேன் ஆர்ஃபா. லேட்டா வர்றது அவனுக்குப் புதுசா என்ன? முடிவுல சொன்னேன். சத்தியமா சொன்னேன், எப்பவும் போல. ரிக்கார்டுன்னு கேட்டதும் நீ போன் பண்ணுவேன்னு எதிர்பாத்தேன். பண்ணல. சரி, நேரா வீட்டுக்குத்தான் வந்து படுத்துட்டான் போலன்னு விட்டுட்டேன்." அவன் மூக்கை உறிஞ்சினான். "உனக்கு அன்னிக்குக் காதுல விழலியா?"

"விழல" என்றாள் ஆர்ஃபா.

அதற்குப் பிறகு அவள் ஒன்றே ஒன்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். உடனே போயிருக்கும் என்று அந்தப் பையன் சொன்னான். பதினொன்றரைக்கே எல்லாம் முடிந்துவிட்டது என்றால், பன்னிரண்டேகால் நிகழ்ச்சியின் நடுவில் அவள் ரேடியோவை அணைத்தால் என்ன, அணைக்காவிட்டால் என்ன? போன் பண்ணியிருந்தாலும் பிணத்தைத்தான் சீக்கிரம் எடுத்திருப்பார்கள். பாத்திரம் கழுவும்போதும், படுக்கையில் புரளும்போதும், சாப்பிட உட்கார்ந்து சாப்பிடாமல் எழுந்திருக்கும்போதும் இதையே சொல்லிக்கொண்டாள். உடனே போயிருக்கும். வலியே தெரிந்திருக்காது. டெப்யூட்டி முகத்தை நினைத்தால் அது பொய்யாகத் தெரிந்தது, அதனால் அவன் முகத்தை நினைக்காமல் வார்த்தையை மட்டும் நினைத்தாள்.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வேடா வீட்டுக்குப் போன் வந்தது. பர்லுக்கு நினைவு வந்துவிட்டது, ஆர்ஃபாவைக் கேட்கிறான்.

இடுப்பெலும்பு நொறுங்கி, கழுத்துவரை கட்டுப்போட்டுக் கிடந்தான் பர்ல். நாற்பது வயது ஆள், பத்து நாளில் அறுபது ஆகியிருந்தான். அவளைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தான். அழுதால் இடுப்பு வலித்தது, வலித்ததால் இன்னும் அழுதான். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஒடனே போயிட்டான்னு சொன்னாங்க" என்றாள். கேள்வியாகக் கேட்க அவளுக்குத் தைரியமில்லை.

"நெல்டா ஒடனே போயிருச்சுக்கா." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "வழியில டயர் வெடிச்சு முக்கா மணி நேரம் போச்சு. அன்னிக்கு ரிக்கார்டு ஓடிறக் கூடாதுன்னு அவன் பறந்தான். எங்கிட்ட ரெண்டு தடவ சொன்னான், அந்த அடிய நீதான் வாசிக்கணும், வார்த்த கெடையாது, ஆர்ஃபாகிட்ட சொல்லிட்டேன்னு. ஓடையில எறங்குறப்ப கைய மீறிருச்சு."

ஆர்ஃபாவின் கை துணியோடு அப்படியே நின்றது.

"அவனுக்கு ஸ்டியரிங் நெஞ்சுல அழுத்திக் கெடந்துச்சு. நவுற முடியல, ஆனா பேசினான்க்கா. நல்லா தெளிவாப் பேசினான். ஹார்னு வேல செய்யல. என் கைக்கு ரேடியோ எட்டுச்சு. மணியாவது தெரியட்டும்னு போட்டேன். எங்க நிகழ்ச்சி வந்துச்சு. எங்க குரல நாங்களே கேட்டுக்கிட்டுக் கெடந்தோம். அந்தப் பாட்டு வந்துச்சு. நெல்டா பின்னால செத்துக் கெடக்குது, ரேடியோவுல பாடுது. நான் அணைக்கப் போனேன். அவன் விடல. சிரிச்சான்க்கா, அவன். 'விடு பர்ல், இத்தோட நாம பொழச்சோம்'னான். 'நெல்டா பாட மாட்டான்னு நான் ஆர்ஃபாகிட்ட சொல்லியிருக்கேன். பாட்டு விஷயத்துல நான் சொல்லு மாற மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். இதக் கேட்டதுமே ரிக்கார்டுன்னு கண்டுபுடிச்சிருவா. இன்னேரம் போன் பண்ணிருப்பா. இந்த ரோடும் அவளுக்குத்தான் தெரியும். அர மணியில ஆள் வரும் பாரு'ன்னான்."

ஆர்ஃபா துணியை மடித்துத் தலைமாட்டில் வைத்தாள்.

"உங்க வீட்டு ரேடியோ கெட்டுப் போயிருக்கும்னு நான்தான் அப்புறம் அவன்கிட்ட சொன்னேன்" என்றான் பர்ல். "அப்படித்தானேக்கா? வால்வு கீல்வு போயிருச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் அதைத்தான் கேட்டான், அதைச் சொன்னால் நம்பியிருப்பான், யாருக்கும் நஷ்டமில்லை. ஆர்ஃபாவுக்கு அது வாயில் வரவில்லை.

"நல்லாத்தான் இருந்துச்சு பர்ல். நான்தான் அணைச்சேன்."

"எப்போ?"

"அந்தப் புள்ள பாட ஆரம்பிச்சதும். அவன் எனக்குக் குடுத்த வாக்க மீறிட்டான்னு நெனச்சேன்."

பர்ல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவளும் எழுந்திருக்கவில்லை. நர்ஸ் ஒருத்தி வந்து காய்ச்சல் பார்த்து எழுதிவிட்டுப் போனாள்.

"எத்தன மணி வரைக்கும் இருந்தான்?" என்றாள்.

"எதுக்குக்கா இப்ப."

"சொல்லு பர்ல்."

"ரெண்டரை. மூணு மணிச் செய்திக்கு முன்னால."

இரண்டு மணிக்கு வேடா பின்வாசலில் நின்று போன் பண்ணட்டுமா என்று கேட்டாள். இரண்டரைக்கு ஆர்ஃபா ஜன்னல் திரை மாட்டிக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு ரோட்டுக்கு ஷெரீஃப் வண்டி போய்ச்சேர அரை மணிகூட ஆகாது. அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மேல கோவப்பட்டானா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. கடைசியா என்ன சொன்னான்?"

பர்ல் சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

"காத்து அடிச்சா வண்டி வருதுன்னு தலையத் தூக்குவான். தூக்கித் தூக்கிப் பாத்துட்டு, கடைசியில, 'இவ்வளவு நேரம் ஆக்க மாட்டாளே பர்ல், வீட்டுல அவளுக்கு என்னமோ ஆயிருச்சு, யாராவது போய்ப் பாத்தா தேவல'ன்னு சொன்னான். அதுக்கப்புறம் பேசல."